இடம் மாறிய ஆறாம் கட்டம்

உப்பு மேடெல்லாம் மேகம் இறங்கிப் படுத்த மாதிரி வெளுத்துக் கிடக்கிற தூத்துக்குடியில் ஒரு உப்புக் கிடங்கு. அதன் ஆபீஸில், கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் மின்மினியாய் மிதக்கும். திரையின் அடிவரிசையில் எட்டுக் கட்டம். கீபோர்டில் எந்த எண் பொத்தானை அமுக்கினால் என்ன நடக்கும் என்று அந்த எண் கட்டத்தில் தெரியும். அதை எழுதிவைத்தவள் அங்கே வேலை பார்க்கும் புஷ்பம்.

மேலாளர் கோயில்ராஜுக்கு அது பொறுக்கவில்லை. முதலாளியம்மா வந்த நேரம் பார்த்துக் கத்தினார்.

"இந்த எழுத்து எதுக்கு? நான் என்னைக்காவது கட்டத்தைப் பாத்திருக்கேனா? எல்லாம் மனப்பாடம்! நாளைக்கு அத்தனையையும் அழிச்சிரு. தப்பா அமுக்குறவ வீட்டுக்குப் போகட்டும்."

எத்தனை திமிர்! அங்கே வேலை பார்த்த மற்ற நாலு பெண்களும் வெளிறிப்போனார்கள்.

"சரி சார்," என்ற புஷ்பம், கனவில் தட்டுகிறவள்போல மெதுவாக ஏதோ தட்டினாள். "அதுக்கு முன்னாடி நீங்க ஒருக்க லாரிக்குச் சீட்டு அடிச்சுக் காட்டுங்க. பாத்துப் படிச்சுக்கிடுதோம்."

கோயில்ராஜ் சட்டைக் கையை மடித்தார். 'சீட்டு' என்று மின்னிய ஆறாம் கட்டத்தைப் பார்த்து, ஆறாம் பொத்தானை ஓங்கிக் குத்தினார். பச்சையெல்லாம் கரைந்து திரை இருண்டது.

"மெஷினைக் கெடுத்துட்டாளே!"

"பொத்தானை நான் மாத்தல சார். சீட்டுக்கு எப்பவும் மூணுதான், ஆறு மூடுறதுக்கு. கட்டத்துல எழுத்தை மட்டும் இடம் மாத்துனேன். நீங்கதான் கட்டத்தைப் பாக்க மாட்டீங்களே?"

முதலாளியம்மா இருண்ட திரையிலிருந்து புஷ்பத்தின் பக்கம் திரும்பினார்.

"கட்டம் இருக்கட்டும் புஷ்பம். எழுத்தைப் பழையபடி வச்சிரு. சாருக்கும் வேணுமில்லா."