குட்டியானைக்கு உயரம் போதவில்லையாம்

புங்கங்காட்டில் ஒரு கரடி குட்டியானை ஓட்டிக்கொண்டிருந்தது. யானைக்குட்டி இல்லை, குட்டியானை! சந்தைக்கும் சிமெண்ட் கடைக்கும் சுமை ஏற்றிக்கொண்டு ஓடுமே, அந்தச் சின்ன வண்டி. கரடியின் பெயர் மொக்கையன்.

வேலை ஒன்றுதான். கோடை வந்தால் மலைமேல் இருக்கும் குட்டை வற்றும். கீழே ஆற்றில் மட்டும் தண்ணீர் ஓடும். ஆற்றுத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து, மேலே கொண்டுபோய்க் குட்டையில் கொட்ட வேண்டும். அந்தக் குட்டையில்தான் செவந்தி என்ற கெண்டை மீன் தன் குஞ்சுகளோடு இருந்தாள். மழை வரும்வரை அவர்கள் உயிர் அந்த வண்டியை நம்பி இருந்தது.

வண்டிக்குப் புங்க எண்ணெய். அணில்கள் கொட்டை பொறுக்கும். மூக்காயி என்ற முள்ளம்பன்றி அதை ஆற்றங்கரைச் செக்கில் ஆட்டுவாள். நாள் முழுக்க ஆட்டினாலும் ஒரு டின்தான் தேறும். ஒரு டின் எண்ணெய்க்கு நாலு நடை. நாலு நடை கொட்டினால்தான், வெயில் குடித்தது போக, குட்டை இருந்தபடி இருக்கும்.

ஒரு நாள் காலையில் ஒரு யானைக்குட்டி வழியில் நின்று வண்டியைத் தும்பிக்கையால் தடவியது.

“உன் பேரும் குட்டியானையா? நானும் குட்டிதான்! வா, சேத்துல புரளலாம்!”

அவ்வளவுதான். காடே விழுந்து விழுந்து சிரித்தது. மொக்கையனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. நேரே மெக்கானிக் குரங்கு சடையனிடம் போனான்.

“இனிமே ஒரு பயலும் என் வண்டியைக் குட்டின்னு சொல்லக் கூடாது! தூக்கு!”

“எவ்வளவு தூக்கணும்ணே?”

“சிரிச்சவன் எல்லாம் அண்ணாந்து பாக்கணும்!”

சடையனுக்குச் சொல்லவா வேண்டும்! ஸ்பிரிங்குக்கு அடியில் இரும்புக் கட்டை வைத்தான். கல்குவாரியில் கிடந்த தடித்த டயர் நாலைக் கொண்டுவந்து மாட்டினான். வண்டி ஒரு முழம் உயர்ந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். எல்லாரையும்விடப் பலமாக இறக்கை அடித்தது வெள்ளையப்பன் என்ற கொக்கு.

“அடேயப்பா! என்ன உயரம்! என்ன கம்பீரம்!”

மூக்காயி மட்டும் கைதட்டவில்லை.

“ஏன் தாயி, உனக்குப் பிடிக்கலையா?” என்று மொக்கையன் கேட்டான்.

“மொக்கையண்ணே, இது தண்ணி சுமக்கிற வண்டி. உயரமாப் போனா தண்ணி கூடுமா?”

“பொறாமை!” என்றான் மொக்கையன். கூட்டமும் “பொறாமை! பொறாமை!” என்றது. கூட்டத்துக்கு வேறு என்ன வேலை?

மறுநாள் கூத்து ஆரம்பித்தது. பீப்பாய் ஏற்றும் நீர்நாய்களுக்கு வண்டியின் பின்பக்கம் எட்டவில்லை. கல்லை அடுக்கி ஏறி, மூச்சு வாங்கி ஏற்றினார்கள். மேட்டில் வண்டி திணறியது. டயர் ஒவ்வொன்றும் அம்மிக் கனம், அதைச் சுற்றவே என்ஜினுக்குப் பாதி உயிர் போனது. ஏற்றம் முழுக்க முதல் கியரிலேயே உறுமிக்கொண்டு போனது. வளைவில் ஆடிய ஆட்டத்தில் தண்ணீர் வேறு தளும்பிக் கொட்டியது. மூன்றாம் நடை முடிந்ததும் டின் காலி.

“அண்ணே, இன்னும் ஒரு நடை பாக்கி!” என்றாள் மூக்காயி.

மொக்கையன் தலையைச் சொறிந்தான். சடையன் ஓடிவந்தான்.

“வண்டி மேல தப்பே இல்லை! தூரம் காட்டுற மீட்டர் பொய் சொல்லுது! பெரிய டயர் ஒரு சுத்துக்கு அதிக தூரம் ஓடும். அது மீட்டருக்குத் தெரியாது. நெசமா வண்டி நெறைய ஓடியிருக்கு!”

“கேட்டியா?” என்று மொக்கையன் நெஞ்சை நிமிர்த்தினான்.

“மீட்டரை விடுங்கண்ணே! ஆத்துக்கும் குட்டைக்கும் நடுவுல இருக்கிற தூரம் ஒரே ராத்திரியில கூடிப்போச்சா? நேத்து நாலு நடை, இன்னிக்கு மூணு. இதுக்கு மீட்டர் எதுக்கு? எண்ணத் தெரிஞ்சா போதாதா?”

சடையன் மரத்தில் ஏறி வாலைச் சொறிந்தான். மொக்கையனா அசைவான்!

“என் வண்டி! என் இஷ்டம்!”

இரண்டாம் நாளும் மூன்று நடை. மூன்றாம் நாளும் மூன்று நடை. குட்டை சுருங்கிக்கொண்டே வந்தது. செவந்தி முதுகு வெளியே தெரிய, குஞ்சுகளை நடுப்பள்ளத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள். மூன்றாம் நாள் மாலை அணில் ஒன்று அலறிக்கொண்டு ஆற்றங்கரைக்கு வந்தது.

“குட்டையில முழங்கால் தண்ணிகூட இல்லை! அதுவும் என் முழங்கால்!”

மொக்கையனுக்கு உள்ளுக்குள் திக்கென்றது. ஆனால் தப்பை ஒத்துக்கொள்ள வாய் விட்டால்தானே?

“நாளைக்கு வச்சிருக்கிற டின்னை எடு, மூக்காயி! இப்பவே நாலாவது நடை போறேன்!”

“நாளைக்குக் குறையுறதுக்கு எதை ஊத்துறது?”

“நாளைக்கு வந்தா பாத்துக்கலாம்!”

மூக்காயி டின்னின் மேல் ஏறி உட்கார்ந்தாள். முள் அத்தனையும் சடசடவென்று நிமிர்ந்தது.

“தர மாட்டேன்! பழைய டயரை மாட்டு. கட்டையைக் கழட்டு. அப்புறம் கேளு, டின்னோட தர்றேன்!” “அண்ணே” என்ற வார்த்தை காணாமல் போய்விட்டது.

“உன் மேல வண்டியை ஏத்திருவேன்!”

“ஏத்து! உன் டயர் பெரிசா, என் முள்ளு பெரிசான்னு பாத்துருவோம்! முள்ளு எதுக்கு வச்சிருக்கேன், தலை சீவவா?”

“ஏய், மரியாதை!” என்று கூட்டம் கத்தியது. “நேரம் போகுது, டின்னைக் குடு!” என்றது. அவள் அசையவில்லை. கண்ணில் நீர் வழிந்தது, குரல் மட்டும் இறங்கவில்லை.

“நேரம் போகுதுன்னு எனக்குத் தெரியாதா? இன்னிக்கு இதைக் குடுத்தா நாளைக்கு ரெண்டு நடைதான் தேறும். நாளைக்கு அந்தக் குஞ்சுகளுக்கு யாருடா பதில் சொல்றது?”

அப்போது மலைமேலிருந்து வெள்ளையப்பன் பறந்து வந்தது. வயிறு தொங்கியது. ஒரு பெரிய ஏப்பம் விட்டபடி வண்டியின் கூரையில் உட்கார்ந்தது.

“மொக்கையா, ராசா! நீ நல்லா இருக்கணும்! முன்னெல்லாம் ஒரு மீனுக்கு ஒத்தைக் காலில் தவம் கிடப்பேன். இப்போ நின்ன இடத்திலேயே குனிஞ்சா சாப்பாடு! செவந்தி குஞ்சுங்க என்ன ருசி, என்ன ருசி! இந்த வண்டியை மட்டும் இறக்கிடாதே! முடிஞ்சா இன்னும் ஒரு முழம் தூக்கு!”

மொக்கையன் முகம் செத்துப்போனது. பிறகு ஒரே பாய்ச்சல்! கொக்கு தப்பியது நூலிழையில்தான்.

“சடையா! ஜாக்கியை எடுடா!”

அவனே வண்டிக்கு அடியில் புகுந்தான். கட்டையைப் பிடுங்கி எறிந்தான். பெரிய டயர்களை உருட்டி ஓடையில் தள்ளினான். சடையன் உருட்டி வந்த பழைய டயர்களை மாட்டியானதும், மூக்காயி டின்னை விட்டு இறங்கி எண்ணெய் ஊற்றினாள்.

“நாளைக்குக் குறையுற எண்ணெய்க்கு?” என்று மொக்கையன் தலை குனிந்தபடி கேட்டான்.

“நீயும் சடையனும் செக்கு இழுங்க. அணிலுங்களோட நான் கொட்டை பொறுக்குறேன்.”

வண்டி பொழுது சாயும் முன் குட்டைக்குப் போய்விட்டது. மொக்கையன் தானே பீப்பாயைச் சரித்தான். தண்ணீர் விழுந்ததும், மீதி இருந்த குஞ்சுகள் துள்ளின. செவந்தி துள்ளவில்லை. கரையோரம் வந்து அவனை நேராகப் பார்த்தாள்.

“செவந்தி, தண்ணி கொண்டாந்துட்டேன்,” என்றான் அவன்.

“இதுக்கு நன்றி சொல்ல மாட்டேன், மொக்கையா! இது முந்தாநாளே வந்திருக்க வேண்டிய தண்ணி!”

காலி பீப்பாயை ஏற்றிக்கொண்டு ஆற்றுக்குத் திரும்பினான்.

சுமக்கிறவன் தன் உயரத்துக்காகச் சுமையைக் குறைத்தால், அந்த உயரத்தின் விலையைக் கொடுப்பவன் அவன் அல்ல, அவனை நம்பிக் காத்திருப்பவன்.