அந்தோணியம்மாளுக்கு நாற்பது டிக்

சிரிக்க வேண்டிய கதைதான் இது. சிரிப்பு கடைசியில் வரும், அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஊர்ச் சந்தைக்கு மேற்பார்வையாளர் தணிகாசலம். முழங்கால் வலி அவருக்கு. கடை கடையாக நடக்கமாட்டார். அறைக்குள் உட்கார்ந்தபடி, யார் கூவுவது காதில் விழுகிறதோ அவர் பெயருக்கு நேரே நோட்டில் டிக் போடுவார். "நெத்திலி, வாளை, வாங்கிப் பாரு தாயி" என்றால் கருவாட்டுக்கடை அந்தோணியம்மாள். பதினெட்டு வருஷமாக ஓயாத குரல். பெரிய வெள்ளிக்கு மட்டும் கடையை மூடிவிட்டுக் கோயிலே கதி என்று கிடப்பாள்.

பக்கத்துக் கடை எலுமிச்சம்பழக் காசிம் போன தீபாவளிக்குத்தான் சந்தைக்கு வந்தவன். யார் குரலும் அவன் தொண்டையில் வரும். தணிகாசலம் இருமுவதை அப்படியே இருமிக் காட்டுவான், சந்தையே சிரிக்கும்.

அந்தோணியம்மாளின் புருஷன் சவரியார் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்தான். துக்கம் ஆறுமுன், கடைக்காரி நாற்பது நாளாக வரவில்லை என்று யாரோ மொட்டைக் கடிதம் போட்டார்கள். தொடர்ந்து முப்பது நாள் வராதவருக்கு வாடகைக்குக் கடை இல்லை என்பது விதி. நகராட்சி அவளுக்குக் கடையைத் தொடர்ந்து தர மறுத்தது. அவளுக்கோ அந்தக் கடையை விட்டால் வேறு பிழைப்பில்லை. வக்கீல் எழுதிய மனுவில் கைநாட்டு வைத்தாள். வழக்கு நடந்தது.

"என் நோட்டையா பொய் என்கிறார்கள்?" என்று தணிகாசலம் தானாகவே சாட்சிக்கு வந்தார்.

"மார்ச் பத்து முதல் ஏப்ரல் பதினெட்டு வரை அந்தம்மா வந்தாரா?" என்றார் நகராட்சி வக்கீல்.

"வந்தாங்க ஐயா. நாற்பது டிக் இருக்கு, எண்ணிக்கோங்க."

"ஒரு நாள்கூட விடாமல்?"

"ஒரு நாள்கூட..."

நோட்டில் ஓடிய அவர் விரல் ஒரு வெள்ளிக்கிழமையில் நின்றது. தணிகாசலம் நிமிர்ந்து பார்த்தார். பின்பெஞ்சில் அந்தோணியம்மாள் ஜெபமாலையைப் பிடித்தபடி இருந்தாள். அவளுக்கு அப்பால் காசிம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கூண்டில் நின்றபடியே அவர் சிரித்துவிட்டார். சிரிக்கச் சிரிக்கக் கண் நிறைந்தது.

"எதற்குச் சிரிக்கிறீர்?"

நீங்களே சொல்லுங்கள். அவர் நோட்டில் என்ன கண்டார்? அதைச் சொல்வது சரியா, மறைப்பது சரியா?

விடை: பெரிய வெள்ளிக்கும் டிக் விழுந்திருந்தது. புருஷன் தலைமாட்டில் அவள் இருந்த நாற்பது நாளும் அவள் குரலில் கூவியவன் காசிம்; அன்று அவள் கடையை மூடும் வழக்கம் அவனுக்குத் தெரியாது. சொல்வதுதான் சரி, தமக்குத் தெரிந்தவரை. "குரலைக் கேட்டேன் ஐயா. ஆளைப் பார்க்கவில்லை" என்றார் தணிகாசலம். காசிம் பெயரை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கடை போய்விட்டது. அதன்பிறகு சந்தையில் அவரைப் போல் யாரும் இருமிக் காட்டவில்லை.