கைராசி வாத்தியார்

மத்தியானச் சாப்பாட்டு மணி எங்கேயாவது அடித்தால், அனந்தப்பனின் வலது கை இன்றைக்கும் தானாக நெஞ்சோடு வந்து ஒட்டிக்கொள்ளும். வீட்டில் இருப்பவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். எண்பது தாண்டியவருக்கு ஏதோ பழக்கம் என்று விட்டுவிடுவார்கள். அவரும் விளக்கம் சொல்வதில்லை. அந்த நேரத்தில் ஒரு மார்கழி மாதத்து வெயிலும் தெரேஸ் டீச்சரின் குரலும் அவருக்கு மட்டும் திரும்பி வரும்.

கரிசல் சீமையில் ஒரு சின்ன ஊர். அங்கே சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறை. கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம். மேலே நாலு நாற்காலி, ஒரு மண்பானை. பார்வையோ காதோ காலோ கையோ ஒத்துழைக்காத பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும், அவர்களுக்குப் பாடம் சொல்லும் வாத்தியார்களுக்கும் துணையாக இருந்து யோசனை சொல்வதுதான் அந்த அறைக்காரர்களின் வேலை. 'ஆலோசகர்' என்று பெயர். மாற்றுத்திறனாளி என்ற சொல் அப்போது பிறந்திருக்கவில்லை. பஸ்ஸிலும் நடையிலுமாகப் பள்ளி பள்ளியாக, வீடு வீடாகப் போவார்கள். சாயங்காலம் அறைக்குத் திரும்பியதும் பானைத் தண்ணீரைக் குடித்துவிட்டு அன்றைய கதையைப் பேசுவார்கள். எத்தனை நல்ல சாயங்காலங்கள் அவை!

கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற கையோடு அனந்தப்பன் அங்கே சேர்ந்தார். அவருக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் தெரேஸ் டீச்சர். சீடருக்கு மீசை வெள்ளை. குருவுக்குத் தலையில் ஒரு நரைகூடக் கிடையாது. டீச்சர் அதிகம் பேசமாட்டார். அனந்தப்பன் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவார்.

அவருக்கு முதலில் கிடைத்த பிள்ளை தங்கமாரி. ஒன்றாம் வகுப்பு. கழுத்தும் கையும் அவள் சொல்வதைப் பாதிதான் கேட்கும். வாயில் வார்த்தை முழுசாக வராது. ஆனால் வகுப்பில் யாராவது வேடிக்கையாகப் பேசினால் முதலில் சிரிப்பவள் அவள்தான்.

சிக்கல் சாப்பாட்டில் வந்தது. பள்ளியில் சேர்ந்த புதிதில் ஒரு நாள் சத்துணவுச் சோறு தொண்டையில் அடைத்துக் கண் சொருகிவிட்டது. பிழைத்தது பெரிய காரியம். அன்றிலிருந்து மத்தியான நேரம் வந்தாலே வகுப்பு டீச்சர் குணவதிக்குப் பிள்ளையின் தட்டைத் தொடவே பயம்.

"பொங்கல் லீவு வரைக்கும் பாப்பேன்," என்றார் தலைமை ஆசிரியர். "அதுக்குள்ள ஒரு வழி பண்ணலேன்னா பிள்ளை வீட்டோட இருக்கட்டும். ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

தாய் பேச்சியம்மாளுக்குத் தீப்பெட்டி ஆபீசில் வேலை. மத்தியானம் வரமுடியாது. வீட்டோடு இருப்பது என்றால், வெளியே தாழ்ப்பாள் போட்ட ஓர் அறைக்குள் பிள்ளை நாள் முழுக்கத் தனியாக இருப்பது.

தெரேஸ் டீச்சர் அனந்தப்பனோடு பள்ளிக்கு வந்தார். கால் தரையில் பதியும்படி ஒரு பழைய மரப்பெட்டியில் தங்கமாரியை உட்கார வைத்தார். அவளைவிடத் தாழ்வாகத் தான் தரையில் உட்கார்ந்தார்.

"மேல இருந்து கை வந்தா பிள்ளை அண்ணாந்து பாக்கும். அண்ணாந்த தொண்டையில சோறு தப்பான வழிக்குப் போயிரும். கீழ இருந்து, கொஞ்சமா குடுங்க. முழுங்கினப்புறம் அடுத்த வாய்."

அன்று லீவு சொல்லிவிட்டு வந்திருந்த தாயும் குணவதி டீச்சரும் அனந்தப்பனும் அவர் ஊட்டுவதைப் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் அனந்தப்பன் தனியாகப் போனார். குணவதி டீச்சர் தட்டை எடுத்தார். பருக்கை சிதறியது.

"குடுங்கம்மா, நான் காட்டுறேன்," என்று அனந்தப்பன் தட்டை வாங்கினார்.

அந்தத் தட்டு பிறகு குணவதி டீச்சரின் கைக்குத் திரும்பிப் போகவில்லை.

தினமும் மத்தியானம் அனந்தப்பன் பஸ் ஏறிப் போனார். அவர் தலையைக் கண்டதும் தங்கமாரி பெட்டியில் உட்கார்ந்தபடியே குதிப்பாள். ஒரு பருக்கை சிந்தாமல், ஒரு தடவை இருமாமல் சாப்பிடுவாள். குணவதி டீச்சர் நிம்மதியாகத் தன் தூக்குச் சட்டியைத் திறந்தார். பேச்சியம்மாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அறைக்கே வந்து கொய்யாப் பழம் கொடுத்துவிட்டுப் போனாள்.

"வாத்தியாரய்யா கை ராசியான கை," என்றாள்.

ஒரு நாள் பஸ் வழியில் நின்றுவிட்டது. அனந்தப்பன் வேர்க்க விறுவிறுக்கப் போய்ச் சேர்ந்தபோது, ஆறிப்போன சோற்றின் முன்னால் தங்கமாரி வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க இல்லாம வாயே திறக்க மாட்டேங்கா சார்," என்றார் குணவதி டீச்சர்.

திரும்பும் வழியில் அந்தச் சொல் அவர் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. வருத்தமாக இல்லை. கருப்பட்டியை வாயில் அடக்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

அதை அப்படியே தெரேஸ் டீச்சரிடம் சொன்னார்.

"கைராசிக்காரர் ஆயிட்டீங்க," என்றார் டீச்சர்.

"ஏதோ, எல்லாரும் சொல்றாங்க டீச்சர்."

"ஹெட்மாஸ்டர் பிள்ளை சாப்பிடுறதை என்னைக்குப் பாக்க வர்றாரு?"

"நாளைக்கு. கவலையே படாதீங்க. நான் ஊட்டுறதைப் பாத்தார்னா அசந்துபோவாரு."

"உங்களுக்குக் காய்ச்சல் வந்தா?"

"எனக்கா? சர்வீஸ்ல ஒரு நாள் மெடிக்கல் லீவு போட்டவன் இல்ல நான்."

டீச்சர் தலையை ஆட்டினார்.

மறுநாள் காலையில் டீச்சர் பஸ் நிலையத்துக்கு வந்தார். அனந்தப்பனின் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். அவருடைய வலது கையை மடக்கி நெஞ்சோடு சேர்த்து, எலும்பு முறிந்தவருக்குக் கட்டுவதுபோல் கழுத்தைச் சுற்றிக் கட்டினார்.

"என்ன டீச்சர் இது?"

"இறுக்கமா இருக்கா?"

"இல்ல. ஆனா..."

"மத்தியானச் சாப்பாடு முடியற வரைக்கும் அவிழ்க்கக் கூடாது."

"யாராவது கேட்டா என்ன சொல்ல?"

"டீச்சர் கட்டிவிட்டாங்கன்னு சொல்லுங்க. பொய் எதுக்கு?"

"இன்னைக்கு அந்தப் பிள்ளை சாப்பிடலேன்னா பள்ளிக்கூடத்தை விட்டு அனுப்பிருவாங்க டீச்சர்!"

"தெரியும்."

"அப்ப இடது கையாலயாவது..."

"இடது கையால சோறு ஊட்டிப் பாருங்க. பேச்சியம்மா உங்களை ஊரைத் தாண்ட விடமாட்டா."

"நீங்களாவது கூட வாங்களேன்."

"எனக்கு வேற ஊர்ல வேலை இருக்கு சார்," என்று சொல்லிவிட்டு டீச்சர் எதிர்ப்பக்கம் போகிற பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

பள்ளியில் தலைமை ஆசிரியர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பேச்சியம்மாள் லீவு சொல்லிவிட்டு வந்து சுவர் ஓரமாக நின்றாள்.

"என்ன அண்ணாச்சி, கையை உடைச்சுக்கிட்டீங்களா?" என்றார் தலைமை ஆசிரியர்.

"இல்ல. எங்க டீச்சர் கட்டிவிட்டாங்க."

"சார் சேட்டை பண்ணிருப்பாரு!" என்றது வகுப்பில் ஒரு குரல். தங்கமாரிதான் முதலில் சிரித்தாள்.

வேறு வழியில்லாமல் குணவதி டீச்சர் தட்டை எடுத்தார். சொல்லிக்கொடுத்ததெல்லாம் பயத்தில் மறந்துவிட்டது. நின்றபடியே குனிந்து ஊட்டினார். சிரித்த வாயோடு தங்கமாரி அண்ணாந்தாள். அடுத்த நிமிஷம் இருமல். முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் வந்து, எப்படியோ அடங்கியது.

குணவதி டீச்சர் தட்டைக் கீழே வைத்துவிட்டார். "என்னால முடியாது சார்."

"நான் அன்னைக்கே சொன்னேன்," என்றார் தலைமை ஆசிரியர், மெதுவாக. பேச்சியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

துண்டுக்குள் அனந்தப்பனின் கை, கூடை கவிழ்த்து மூடிய கோழியாகத் துடித்தது. ஒரு முடிச்சுதான். இழுத்தால் அவிழ்ந்துவிடும்.

அவர் தரையில் உட்கார்ந்தார்.

"குணவதி டீச்சர், எனக்குப் பசிக்குது. கை இப்படி இருக்கு. எனக்கு ஒரு வாய் ஊட்டுங்க."

"சார்?"

"நின்னுக்கிட்டே ஊட்டுங்க."

வகுப்பு முழுக்க ஓவென்று சிரித்தது. குணவதி டீச்சர் கூச்சத்தோடு ஒரு கவளம் எடுத்து மேலிருந்து கொடுத்தார். அனந்தப்பன் அண்ணாந்து வாங்கினார். நடித்துக் காட்டத்தான் நினைத்தார். நிஜமாகவே புரையேறிவிட்டது. மீசையெல்லாம் சோறு.

மூச்சு வந்ததும் சொன்னார்: "இப்ப நீங்க உக்காருங்க டீச்சர். பேச்சியம்மா, நீ நின்னுக்கிட்டு டீச்சருக்கு ஊட்டு."

"நானா? டீச்சருக்கா?" பேச்சியம்மாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

குணவதி டீச்சர் அவளைப் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்து, "குடும்மா," என்று முகத்தை நிமிர்த்தினார்.

ஒரு வாய் வாங்கினார். விழுங்கப் பார்த்தார். கை தானாகத் தொண்டைக்குப் போனது.

"அய்யய்யோ, இறங்கவே மாட்டேங்குதே!"

யாரும் சொல்லாமலே அவர் தட்டை இழுத்துக்கொண்டு மரப்பெட்டியின் முன்னால் நகர்ந்தார். கஞ்சி போட்ட சேலை புழுதியில் புரண்டது. தங்கமாரி வாயை மூடிக்கொண்டு அனந்தப்பனைத் தேடினாள். அவர் எழுந்துபோய், பிள்ளையின் கண்ணில் படாமல், அவளுக்குப் பின்னால் கதவோரம் நின்றுகொண்டார். வாழ்நாளில் அதைவிடக் கஷ்டமான காரியம் அவர் செய்ததில்லை.

தங்கமாரி டீச்சரைப் பார்த்தாள். டீச்சரின் மோவாயில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாய் திறந்தது.

பேச்சியம்மாள் பதறினாள். "திறந்துட்டா டீச்சர், வைங்க, வைங்க!"

"இரும்மா. சிரிச்சு முடிக்கட்டும். சிரிக்கும்போது குடுத்தா புரையேறும்."

சிரித்து முடித்தாள். டீச்சர் கீழிருந்து கொஞ்சமாகக் கொடுத்தார். தங்கமாரி மென்றாள். விழுங்கினாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மறுபடி வாயைத் திறந்தாள்.

பாதி சோறு கவுனில் கொட்டியது. மணியடிக்கும் நேரம் தாண்டிப் போயிற்று. தலைமை ஆசிரியர் மணியடிக்கச் சொல்லவில்லை. கடைசி வாய் வரை பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்.

"நாளைக்கு அண்ணாச்சி வந்திருவாருல்ல?" என்றார்.

குணவதி டீச்சர் பிள்ளையின் வாயைத் துடைத்தபடி, திரும்பிக்கூடப் பார்க்காமல் பதில் சொன்னார்: "வேணாம் சார். அவரு இருந்தா இவ அவரையேதான் தேடுவா. நானே பாத்துக்கறேன்."

தலைமை ஆசிரியர் பேச்சியம்மாளிடம் போனார்.

"பொங்கல் கழிச்சு முதல் நாளே பிள்ளையக் கூட்டிட்டு வந்திரணும். லேட்டா வந்தா வெளியதான் நிக்கணும், சொல்லிட்டேன்."

பேச்சியம்மாள் அழுதுகொண்டே தலையாட்டினாள்.

அனந்தப்பன் வாசலுக்கு வந்து சற்று நின்றார். உள்ளே தங்கமாரியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. யாரோ ஏதோ வேடிக்கை பண்ணியிருக்க வேண்டும். அவர் பஸ்ஸுக்கு நடந்தார்.

சாயங்காலம் தெரேஸ் டீச்சர் அவருடைய கைக்கட்டை அவிழ்த்துவிட்டு, பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தார்.

"சாப்பிட்டாளா?"

"பாதிச் சோறு."

"ஊட்டினது யாரு?"

"குணவதி டீச்சர்."

டீச்சர் தலையை ஆட்டினார். கீழே காற்றடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அனந்தப்பன் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் கேட்டார்.

"டீச்சர், நான் கிளம்பும்போது அந்தப் பிள்ளை என்னைத் தேடவே இல்ல. இன்னும் ஒரு மாசம் போனா என்னை மறந்தே போயிருவா. உங்களையும் பிள்ளைங்க இப்படி மறந்திருக்காங்களா?"

"நிறைய பேரு."

"ஒருத்தர்கூடவா ஞாபகம் வெச்சுக்கல?"

டீச்சர் குவளையை வாங்கிப் பானைமேல் கவிழ்த்தார்.

"ரெண்டு பேரு இருக்காங்க, என் கைக்கு மட்டும் பழகினவங்க. இன்னைக்கும் நான் எப்ப வருவேன்னு வாசலைப் பாத்துக்கிட்டேதான் இருக்காங்க," என்றார். "அந்த ரெண்டு பேரை நினைச்சாத்தான் சார் எனக்குச் சோறு இறங்காது."