வேறு மருந்து ஆகாது

தபால் ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் முத்திரை குத்திவிட்டு, ஓய்வு பெற்ற மறுமாதமே சித்த வைத்தியம் படிக்க வந்து நின்றவர் குற்றாலிங்கம். தென்காசியில் அவருக்குக் குருவாக வாய்த்த கோமதி வைத்தியர் அவரைவிடப் பதினெட்டு வயது இளையவர். குற்றாலிங்கம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கேட்பதற்கு ஆள் கிடைத்தால் போதும் அவருக்கு. கேள்விக்குப் பஞ்சமே கிடையாது.

அன்று காலையும் மருந்துப் பொட்டலங்களில் முத்திரை குத்திக்கொண்டே ஆரம்பித்துவிட்டார்.

"நாலு நாளைக்கு முன்னால மாரிச்செல்விக்கு நெல்லிப் பொடி குடுத்தோமே. வலிப்பு மாத்திரை வயித்துப் பிள்ளையோட மூளையைப் பாதிச்சிருமோன்னு அழுதுகிட்டு வந்துச்சே, அந்தப் பிள்ளைக்கு."

"ஆமா. அவ டாக்டர்ட்ட கேட்டு, அவர் சரின்னு சொன்ன பிறகுதான குடுத்தோம்."

"மாத்திரையோட கெடுதலை நெல்லி முறிச்சிருமாம்மா?"

"எலிக்குக் குடுத்து ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருக்காங்க. மனுசருக்கு இன்னும் தெரியலை."

"அப்ப வயித்துப் பிள்ளையோட மூளையை எதுதான் காக்கும்?"

கோமதி, அவர் குத்தி அடுக்கிய பொட்டலங்களில் ஒன்றை எடுத்துப் பார்த்தார். வழக்கமான பத்திய முத்திரை. புளி ஆகாது. கத்தரிக்காய் ஆகாது. வேறு மருந்து ஆகாது.

"அண்ணாச்சி, செல்வி பொட்டலத்துலயும் இதையா குத்துனீங்க?"

"எல்லாத்துலயும் குத்துறதுதான..."

சொல்லி முடிப்பதற்குள் கையிலிருந்த முத்திரையைக் கீழே வைத்துவிட்டார். அந்தப் பெண் மாத்திரையை நிறுத்தியிருந்தால் வலிப்பு வரும். வந்தால் தாய்க்கும் ஆபத்து, வயிற்றிலுள்ள நாலு மாதப் பிள்ளைக்கும் ஆபத்து.

கோமதி செல்விக்குப் போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

இருவரும் ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த குற்றாலிங்கம் கைவிரலில் ஒட்டியிருந்த மையை வேட்டியில் துடைத்துக்கொண்டே வந்தார். அது போவதாக இல்லை. தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

மாரிச்செல்வி வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"மாத்திரை போட்டியா தாயி?" என்றார் குற்றாலிங்கம், ஸ்கூட்டர் நிற்பதற்கு முன்பே.

அவள் முகம் சுண்டிப் போயிற்று.

"வையாதீங்க ஐயா. வேற மருந்து ஆகாதுன்னு போட்டிருந்துச்சு. நானும் மாத்திரையத்தான் நிறுத்தணும்னு இருந்தேன். ஆனா உங்க பொடிய வாயில வச்சதும் குடலே வெளிய வந்துரும் போல வாந்தி. அதான் பொடிய நிறுத்திட்டேன். மாத்திரைய மட்டும் ஒரு வேளைகூட விடாம போடுதேன்."

குற்றாலிங்கம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஒருவர் வாந்தி எடுத்த கதையைக் கேட்டு அவர் இவ்வளவு சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.

"நல்ல காரியம் பண்ணுன தாயி" என்றார். "ரொம்ப நல்ல காரியம்."

செல்வி ஒன்றும் புரியாமல் வைத்தியரைப் பார்த்தாள். கோமதி அவளருகே உட்கார்ந்து, நடந்த தப்பை மறைக்காமல் சொன்னார். பிரிக்காத பொட்டலங்களையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"பொடி வேண்டாம். ஆசையா இருந்தா ஒரு நெல்லிக்காயக் கடிச்சுக்கோ. மாத்திரைய மட்டும் உன் டாக்டர் சொல்லாம ஒரு நாளும் விடாத."

குற்றாலிங்கம் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். அந்தக் கடைசி வாக்கியத்தை ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதினார். எழுதியதை வாய்விட்டு ஒருமுறை படித்துப் பார்த்த பிறகுதான் அவள் கையில் கொடுத்தார்.

ஸ்கூட்டர் அருகே வந்ததும் அவருக்கு உயிர் திரும்பியிருந்தது. கூடவே கேள்வியும்.

"காலையில கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலையேம்மா. பிள்ளையோட மூளையை எது காக்கும்?"

கோமதி வண்டியைக் கிளப்பினார்.

"நாலு நாளா வாந்தி காத்துச்சு அண்ணாச்சி. ஏறி உக்காருங்க."