சிப்பியில் வைத்த கல்

அந்தக் காலத்தில் கடலுக்கு வாய் இருந்தது. பேசுவதோடு விடாமல், அடுத்த வீட்டுக்காரியைப் போல இருப்பதை எடுத்து நீட்டும் பழக்கமும் இருந்தது. இன்று பரல்துறை என்கிறோமே, அந்த ஊர்க் கரையில் அப்போது வெறும் மணல்தான். ஓடை வந்து கடலில் விழும் இடத்தில் மட்டும் சில கூர்ங்கற்கள் கிடக்கும்.

குருவம்மா கரிசல்காட்டுக்காரி. தாயில்லாத தங்கை முத்துப்பேச்சியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். தங்கைக்கு இப்போது தலைப்பிரசவம், மாதம் நிறைந்துவிட்டது. நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்க வேண்டும் என்று கடலில் மூன்று முழுக்கு நேர்ந்திருந்தாள். விடியற்காலையில் நடந்தால் உச்சிக்குக் கடற்கரை. விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு திரும்பிவிடலாம்.

முழுக்கும் போட்டாள். சேலையைப் பிழிந்து கட்டி, கட்டுச்சோற்றைத் தின்று முடித்து எழுந்தபோது, ஓர் அலை வந்து அவள் காலடியில் அகலமான சிப்பி ஒன்றை வைத்தது. உள்ளே இரண்டு மீன்.

“ஊருக்குப் புதுசா? கொண்டுபோய்க் குழம்பு வையி. சிப்பிய மட்டும் குடுத்துரு,” என்றது கடல்.

வம்பு அங்கேதான் தொடங்கியது. அடுத்தவர் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரும் வழக்கம் குருவம்மாவின் ஊரில் இல்லை. ஒரு கை அரிசியாவது, ஒரு துண்டுக் கருப்பட்டியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். அதிலும் வீட்டில் பிள்ளைத்தாய்ச்சியை வைத்துக்கொண்டு வெறும் பாத்திரம் கொடுத்தால் விளங்குமா? சோறு தீர்ந்துவிட்டது. மடியில் கொஞ்சம் உப்பு இருந்தது. கடலுக்கே உப்பா என்று வெட்கமாகிவிட்டது. கடைசியில் ஓடைக் கல் ஒன்றை எடுத்துக் கழுவிச் சிப்பியில் வைத்தாள்.

“கல்லுதான் தாயி. வேற ஒண்ணும் தோதுப்படல. தப்பா நெனைச்சுக்கிடாதீங்க.”

உலகம் உண்டான நாளிலிருந்து எல்லோரும் கடலிடம் வாங்கிக்கொண்டுதான் போயிருக்கிறார்கள். ஒருவர் ஒரு துரும்பு கொடுத்ததில்லை. அதற்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. குருவம்மா நாலு எட்டு வைப்பதற்குள் சிப்பி திரும்ப வந்தது. உள்ளே கடலடிக் கற்கள் குவிந்திருந்தன.

“உனக்கு மட்டுந்தான் முறை தெரியுமா? நானும் செய்யணும்லா?”

பாவம், அவள் என்ன செய்வாள்? கற்களைக் கரையில் கொட்டிவிட்டு, ஒன்றை மட்டும் சிப்பியில் வைத்துக் கொடுத்தாள். கடல் மறுபடியும் குவித்துக் கொண்டுவந்தது. பொழுது சாய்ந்தது, விடிந்தது, மறுபடி சாய்ந்தது. போவதும் வருவதுமாக உருண்டு கற்களின் மூலைகள் மழுங்கின. குருவம்மாவின் தோள்கள் கழன்று விழுவது போல வலித்தன. உட்கார்ந்தால் எழ முடியவில்லை.

வலை உலர்த்திக்கொண்டிருந்த சங்கமுத்து அவளுக்குக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தான். “ஏம்மா, நாங்க தலைமுறை தலைமுறையா வாங்கித்தான் திங்கோம். ஒருநா திருப்பிக் குடுத்திருப்பமா? உனக்கு என்னத்துக்கு இந்த வேல?”

“நீங்க ஒரு கல்லு போட்டு வைங்களேன் அண்ணே. நான் ஓடிருவேன்.”

“நான் போட்டா ஊரே போடணும். ஆள விடு தாயி,” என்று அவன் வலைப் பக்கம் போய்விட்டான்.

மூன்றாம் நாள் அவள் கடலைக் கையெடுத்துக் கும்பிட்டாள். “போதும் தாயி. முடியல. தங்கச்சி அங்க ஒத்தையில கெடக்கா.”

“அட, அதுக்கென்ன? வெறுஞ்சிப்பியாவே குடுத்துட்டுப் போ,” என்றது கடல். அது நல்ல மனதோடுதான் சொன்னது.

அது ஒன்றுதான் அவளால் ஆகாதது. சிப்பியைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னொரு கல்லை எடுத்தாள்.

அந்த நேரத்தில் அவள் ஊர் வண்டிக்காரர் கொம்பையா முழுக்குப் போட வந்து சேர்ந்தார். அவளைக் கண்டதும் திகைத்துப்போனார். “நீ இங்கயா இருக்க? நான் பொறப்படும்போதே முத்துப்பேச்சிக்கு இடுப்பு வலி கண்டுட்டு. அக்கா, அக்கான்னு கத்துதா பிள்ள!”

குருவம்மா சிப்பியை அவர் கையில் திணித்தாள். “அண்ணாச்சி, ஒரே ஒரு கல்லு. என் பேரச் சொல்லிப் போட்டிருங்க.”

அவர் என்ன ஏது என்று கேட்பதற்குள் அவள் ஓடிவிட்டாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டுப்படி ஏறினாள். குழந்தை பிறந்திருந்தது. தாயும் சேயும் சுகம். முத்துப்பேச்சி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, “கடல் எப்படிக்கா இருந்துச்சு?” என்று கேட்டாள். நின்றபடியே சுவரில் சாய்ந்து குருவம்மா தூங்கிவிட்டிருந்தாள்.

அங்கே கொம்பையா ஒரு கல்லைப் போட்டார், ஒரு குவியலை வாங்கினார். அவரும் முறை தெரிந்தவர்தான். இருட்டும் முன் வந்த வேற்றூர்க்காரர் ஒருவர் கையில் சிப்பியைத் திணித்துவிட்டு அவரும் தப்பித்தார். அந்த வேற்றூர்க்காரர் இன்னொருவரிடம் கொடுத்தார். கை மாறி மாறி ஒருநாள் சிப்பி உடைந்துபோனது. பேசி அலுத்த கடலுக்கும் வாய் ஓய்ந்தது. கரையில் பரல் கற்கள் குவிவது மட்டும் ஓயவில்லை.

அன்று முதல்தான் பரல்துறைக்கு வரும் வெளியூர்க்காரர்கள், யாரும் சொல்லாமலே குனிந்து ஒரு கல்லை எடுத்துக் கடலில் போடுகிறார்கள். ஒன்றோடு விட முடியாமல், கை வலிக்கும்வரை போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.