வாய்க்காலில் உடைந்த வரிசை

இந்தக் கதையை நினைத்தாலே வயிறு எரிகிறது. கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

ஒரு சின்ன நாட்டின் காலாட்கள் தோளோடு தோள் ஒட்டி ஒரே வரிசையாக நின்று சண்டை போடுவார்கள். வலக்கையில் ஈட்டி, இடக்கையில் கேடயம். ஒருவனுடைய கேடயம் பாதி அவனை மறைக்கும். மீதிப் பாதி அவனுக்கு இடப்பக்கம் நிற்பவனின் வலது விலாவை மறைக்கும். சமதரையில் யார் வந்து மோதினாலும் வரிசை அசையாது. பள்ளத்தில் இறங்கினால் மட்டும் நடுவே சந்து விழும். வரிசையில் கேடயத்தைக் கீழே போட்டவனுக்குத் தலை போகும், அதுதான் சட்டம்.

அன்று அறுவடை முடிந்த வயலில் நின்றார்கள். அழிசி, அவனுக்கு வலப்பக்கம் பூதன், பூதனுக்கு வலப்பக்கம் எயினன். எதிரே ஒரு வாய்க்கால். அதன் அக்கரையில் பகைவர் கெக்கலித்தார்கள்.

"ஏய் நத்தைகளா! ஓட்டை விட்டு வெளியே வாங்கடா!"

பின்னால் குதிரைமேல் இருந்த தளபதி நெடுவேட்டனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இறங்கி அடிங்கடா!"

"ஐயா, வாய்க்கால் முழுக்கச் சேறு. வரிசை நிற்காது. அவங்களே இக்கரைக்கு வரட்டும்" என்றான் பூதன்.

"பயந்தாங்கொள்ளிப் பயலே, இறங்குடா!"

இறங்கினார்கள். பூதன் வழுக்கிச் சேற்றில் குப்புற விழுந்து மூச்சுக்குத் திணறினான். எயினன் கேடயத்தைப் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் அவனை இழுத்தெடுத்தான். அதற்குள் அழிசியின் வலது விலாவில் ஒரு ஈட்டி பாய்ந்துவிட்டது.

அரசவையில் தளபதி, "எயினன் கேடயத்தைப் போட்டான், அழிசி செத்தான். இவன் தலையை வாங்குங்கள்" என்றான்.

"போட்டது நிஜம்தான் ராஜா" என்று எயினன் தலைகுனிந்தான்.

அழிசியின் தாய் சேந்தி சீறினாள். "என் பிள்ளையைக் கொன்னது யாருன்னு சொல்லுங்க! எவன் தலையையாவது உருட்டி என் வாயை அடைக்கப் பார்க்காதீங்க!"

சொல்லுங்கள். விழுந்த பூதனா, கேடயத்தைப் போட்ட எயினனா, இறங்கச் சொன்ன நெடுவேட்டனா, அழிசியின் சாவுக்கு யார் பொறுப்பு?

விடை: எயினனின் கேடயம் மறைக்கவேண்டியது பூதனை, அழிசியை அல்ல. கேடயச் சட்டமே பக்கத்தில் நிற்பவனைக் காக்கத்தான்; அந்தப் பூதனைத்தான் அவன் காப்பாற்றினான். அழிசியை மறைத்தது பூதனின் கேடயம். பூதனோ வேண்டாம் என்று சொல்லியும் இறக்கப்பட்டவன். தெரிந்தே அவர்களைச் சேற்றில் தள்ளிய நெடுவேட்டன்தான் குற்றவாளி. அரசர் எயினனை விடுவித்து, தளபதியின் வாளைப் பிடுங்கினார். சேந்திக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "என் மகன் நடுகல்லில், பகைவன் கொன்னான்னு மட்டும் வெட்டாதீங்க. யார் பேச்சைக் கேட்டு வாய்க்காலில் இறங்கினான்னும் வெட்டுங்க" என்றாள்.