சூசை தோண்டிய கரை

கடலோர ஊர் ஒன்றின் மாதா கோயில் வளாகத்தில் புறாக்களும் இரண்டு வெள்ளாடுகளும் சூசை என்ற கழுதையும் வாழ்ந்துவந்தன. ஞாயிறுதோறும் பூசை நேரத்தில் அவை சன்னலுக்கு வெளியே நின்று கேட்கும். தங்களைச் செபக் குழு என்று சொல்லிக்கொள்ளும். பிரகாசி என்ற புறா அதற்குத் தலைவி.

ஐப்பசியில் பெரும் புயல் அடித்தது. ஆற்றுக்கு அப்பால் இருந்த காடு சிதைந்துவிட்டதாகக் கொக்குகள் வந்து சொல்லின. செபக் குழு உடனே புறப்பட்டது. சோள மூட்டையையும் வைக்கோலையும் சூசை சுமந்தது.

காட்டில் மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. கூடிழந்த பறவைகள் பசியோடு காத்திருந்தன. பிரகாசி எல்லாருக்கும் சோளம் பங்கிட்டுக் கொடுத்தாள்.

குளக்கரையில் ஒரு நீர்நாய் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தாள். கரை சரிந்து அவளுடைய வளை மூடிப்போயிருந்தது. உள்ளே மூன்று குட்டிகள். மூன்று நாளாக அவள் நிறுத்தவே இல்லை என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள்.

பிரகாசி அருகே போனாள். "சகோதரி, இனித் தோண்டிப் பயனில்லை. கொஞ்சம் சோளம் சாப்பிடுங்கள். உங்களுக்காகச் செபிக்கிறோம்."

நீர்நாய் திரும்பிப் பார்க்கவில்லை. "நான் மீன் தின்பவள். எனக்குச் சோளம் எதற்கு? உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் என் பிள்ளைகளை நான் பார்க்க வேண்டும். முடிந்தால் தோண்டுங்கள். இல்லாவிட்டால் வழியை விடுங்கள்."

பிரகாசியின் முகம் வாடியது. உயிரோடு இருப்பவர்களைத்தான் முதலில் கவனிக்க வேண்டும், இருபது கூடு கட்ட வேண்டியிருக்கிறது என்று அவள் சூசையை அழைத்தாள்.

"நீங்கள் போங்கள். நான் இங்கே இருக்கிறேன்," என்றது சூசை.

அது முன்னங்கால்களால் மண்ணைக் கிளறியது. குறுக்கே வந்த வேர்களைப் பல்லால் கடித்து இழுத்தது. ஒரு குளம்பு பிளந்து இரத்தம் கசிந்தது. நீர்நாய் அதைப் பார்த்தாள். சற்று நகர்ந்து அதற்கு இடம் விட்டாள்.

பிற்பகலில் குட்டிகள் கிடைத்தன. ஒன்றன்மேல் ஒன்றாக ஒண்டிக் கிடந்தன. மூன்றுக்கும் உயிர் இல்லை. நீர்நாய் ஒவ்வொன்றாகக் கவ்வி எடுத்து வந்து புல்லில் கிடத்தினாள்.

சூசை பக்கத்தில் நின்றது.

அப்போது பிரகாசி பறந்து வந்தாள். வரும் வழியெல்லாம் ஆறுதல் வார்த்தைகளை யோசித்து வைத்திருந்தாள். குட்டிகளைப் பார்த்ததும் நேராகக் குளத்துக்குப் போனாள். குளத்து நீரை அலகில் மொண்டு வந்து, கடைக்குட்டியின் முகத்தில் ஒட்டியிருந்த சேற்றைக் கழுவினாள். மறுபடியும் போய் மொண்டு வந்தாள்.

நீர்நாய் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அடுத்த குட்டியை மெல்லப் பிரகாசியின் பக்கம் நகர்த்தி வைத்தாள். "இவனுக்குத் தண்ணீர் என்றால் பயம். புயலுக்கு மறுநாள்தான் நீந்தக் கற்றுக்கொடுப்பதாக இருந்தேன்," என்றாள். அதுவரை வராத அழுகை அப்போது வந்தது.

மேட்டில் குழி தோண்டிக் குட்டிகளைப் புதைத்தார்கள்.

மறுநாள் காலை குழு குளத்தின் தென்கரைக்குக் கிளம்பியது. நீர்நாயும் எழுந்து வந்தாள். அங்கே ஆமைகளின் பொந்தும் இடிந்திருக்கிறது, எந்தப் பக்கம் தோண்டினால் மண் சரியாது என்று தனக்குத் தெரியும் என்றாள். அவள் முன்னே நடந்தாள். மற்றவர்கள் அவள் பின்னால் போனார்கள்.

துயரத்தில் இருப்பவருக்கு நம்மிடம் இருப்பதைக் கொடுப்பதைவிட, அவர் கேட்பதைச் செய்வதே உண்மையான உதவி.